வண்டிக்கு அடியில வைக்கிற ஸ்டேண்ட்: பாரம் நிலத்துக்கு போற வழி

போன மழைக்காலத்துல ஒரு நாள், தலவாக்கலையில எங்க வீட்டு வாசல்ல டிமோ பட்டா சின்ன லொறியோட பின் பக்கத்த ஹைட்ரோலிக் ஜெக்குல தூக்கி வச்சிட்டு பிளேன்டி குடிக்க உள்ள போனோம், திரும்பி வந்து பாத்தா டயருக்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல் இருந்த எடவெளி ரெண்டு விரலாயிருச்சி. சத்தமே இல்ல. மச்சான் அதுக்குள்ள சாக்கு விரிச்சி அடியில போக படுத்துட்டாரு, நான்தான் கைய புடிச்சி வெளிய இழுத்தேன். அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான், ஸ்டேண்ட் வைக்காம எங்க வீட்டுல யாரும் வண்டிக்கு அடியில போறதில்ல.

ஜெக் ஏன் எறங்குது? அதுக்குள்ள பாரத்த தாங்கிக்கிட்டு இருக்கிறது எண்ணெய். சின்ன பிஸ்டன நாம அமுக்குறோம், அந்த அழுத்தம் எண்ணெய் முழுக்க ஒரே அளவா பரவி பெரிய பிஸ்டன தூக்குது, 17ஆம் நூற்றாண்டுல பாஸ்கல் சொன்ன விதி அது. எண்ணெய் திரும்பி ஓடாம தடுக்கிறது ஒரு சின்ன இரும்பு குண்டும் கொஞ்சம் ரப்பர் சீலும்தான். குண்டு உக்கார்ற எடத்துல ஒரு மணல் துளி மாட்டுனா போதும், எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமா நழுவி வண்டி எறங்கிரும். அப்ப தூக்குற வேலையோட ஜெக் முடிஞ்சிது, தாங்குறதுக்கு இரும்புல இரும்பு மாட்டி நிக்கிற ஒன்னு வேணும். சில பேர் புளொக்கல்ல அடுக்குவாங்க, தயவு செஞ்சி வேணாம். இரும்பு ஒடையுறதுக்கு முன்னாடி வளைஞ்சி காட்டும், புளொக்கல்லு ஒரு முனையில பாரம் பட்டா சொல்லாம கொள்ளாம வெடிச்சி தூளாயிரும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில போடுற பழைய சிலிப்பர் கட்டை எவ்வளவோ மேல்.

சரி, ஸ்டேண்ட் செய்யிறோம். வெளிய 60க்கு 60 மி.மீ பொக்ஸ் பார், அதாவது சதுரக் குழாய், சுவர் 4 மி.மீ, அதுக்குள்ள ஏறி எறங்குற 50க்கு 50, சுவர் 5 மி.மீ, ரெண்டையும் சேத்து ஓட்ட போட்டு 20 மி.மீ பின் ஒன்ன குறுக்க சொருகுறோம். எல்லாரும் பயப்படுறது குழாய் நசுங்கிருமோன்னு. சாதாரண இரும்பு ஒரு சதுர மி.மீட்டருக்கு சுமார் 25 கிலோ வரைக்கும் வளையாம தாங்கும், அந்த வெளி பாரோட குறுக்கு வெட்டு கிட்டத்தட்ட 900 சதுர மி.மீ, அப்ப ஓட்ட இல்லாத எடத்துல அது நசுங்க 22 டன் வேணும். நீளமான கம்பின்னா நசுங்குறதுக்கு முன்னாடியே வளைஞ்சி போகும், 18ஆம் நூற்றாண்டுல ஒய்லர் கணக்கு போட்டு காட்டுனது, நீளம் ரெட்டிப்பானா தாங்குற பாரம் நாலுல ஒரு பங்காயிரும், ஆனா அரை மீட்டர் ஸ்டேண்டுக்கு அந்த பயம் இல்ல.

பின் எப்புடி? அது ரெண்டு பக்கமும் வெட்டு வாங்குது, அதாவது பின் அறுந்து போகணும்னா ரெண்டு எடத்துல அறுபடணும், கணக்கு பாத்தா 9 டன் கிட்ட வருது. ஆனா பின் உக்கார்ற ஓட்டைய பாருங்க. 4 மி.மீ சுவர் ரெண்டு, பின்னோட அகலம் 20 மி.மீ, தாங்குற பரப்பு வெறும் 160 சதுர மி.மீ, 4 டன்லயே ஓட்ட முட்டை வடிவத்துக்கு இழுபட ஆரம்பிச்சிரும். அதனால எல்லா ஓட்டையும் உள்ள வர்ற மாதிரி வெளி பார்ல ரெண்டு பக்கமும் 4 மி.மீ கனமான இரும்புப் பட்டி ஒன்னு வச்சி பத்த வைங்க. அப்ப உள் பாரோட 5 மி.மீ சுவர்தான் முதல்ல விட்டுக்குடுக்கும், அது 5 டன், மூணு மடங்கு பாதுகாப்பு வச்சி பாத்தா ஒரு ஸ்டேண்டுக்கு ஒன்றரை டன்னுன்னு மனசுல வைக்கலாம். ஹாட்வெயார்ல கெடைக்கிற போல்ட்ட பின்னா போடுறவங்க, நட்டு ஏறுற மறை உள்ள பகுதி வெட்டு விழுற எடத்துல வராம பாத்துக்குங்க, அங்க கனம் கொறைவு.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறேன். ஸ்டேண்ட் பாரம் தாங்காம நசுங்குறத விட பக்கவாட்டுல சாயிறதும், கவுறுறதும், மேல உள்ளது வழுக்குறதும்தான் அதிகமா நடக்கக்கூடியது, நம்ம மலைநாட்டுல சமதரை தேடுறதே பாடு, வீட்டு வாசல் கூட பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் எறக்கமா இருக்கும். அந்த எறக்கத்துல 1500 கிலோ வண்டி கீழ் பக்கமா 150 கிலோவால தள்ளிக்கிட்டே இருக்கு, யாரும் தொடாமலே. கணக்க பாருங்க: அடி 30 சென்டிமீட்டர் சதுரம், நடுவுல இருந்து ஓரத்துக்கு 15. ஸ்டேண்ட 55 சென்டிமீட்டருக்கு ஒசத்திட்டோம். 15ஐ 55ஆல வகுத்தா 0.27, அதாவது மேல இருக்கிற பாரத்துல 27 சதவீதம் பக்கத்துல இருந்து தள்ளுனா கவுந்துரும். ஸ்டேண்ட் மேல 400 கிலோ இருந்தா எறக்கம் ஏற்கனவே 10 சதவீதத்த தின்னுருச்சி, இப்ப இறுகிப்போன நட்ட கழட்ட ஸ்பெனருக்கு குழாய் போட்டு 60 கிலோவால இழுக்குறீங்க, அது முழுசா அந்த ஸ்டேண்டுலயே விழுந்தா இன்னொரு 15. மொத்தம் 25. மிச்சம் ரெண்டு சதவீதம்! அதே ஸ்டேண்ட 40 சென்டிமீட்டர்ல வச்சி வேலை பாத்திருந்தா 37 வரைக்கும் தாங்கியிருக்கும். அதான் சொல்றேன், அடிய பெருசா போடுங்க, தேவைக்கு மேல ஒரு ஓட்ட கூட ஒசத்தாதீங்க.

காலு மூணா நாலான்னு கேப்பாங்க. ஒரே வட்டத்துக்குள்ள வச்சி பாத்தா, மூணு கால்ல நடுவுல இருந்து விளிம்புக்கு உள்ள தூரம் அந்த வட்டத்தோட ஆரத்துல பாதி, நாலு கால்ல கிட்டத்தட்ட 0.7 பங்கு. மூணு காலு ஆடாது ஆனா சீக்கிரம் கவுறும். நான் நாலுக்குத்தான் போவேன், ஏன்னா எப்படியும் அடியில தட்டு வைக்க வேண்டி இருக்கு. நம்ம மண்ணு மழையில ஊறிட்டா நம்பிக்கை கெடையாது, 500 கிலோவ நாலு சென்டிமீட்டர் சதுர முனையில நிறுத்துனா ஒரு பக்கம் எறங்கிரும், 30க்கு 30 தட்டு போட்டா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மேல வண்டி உக்கார்ற எடம் சப்பட்டையா இருக்கக்கூடாது. எண்ணெய் பட்ட இரும்பு மேல இரும்பு, பாரத்துல பத்துல ஒரு பங்கு தள்ளுனாலே வழுக்க ஆரம்பிக்கும், நம்ம எறக்கம் குடுக்கிறதும் அதே பத்துல ஒரு பங்கு. எக்ஸல் உள்ள விழுந்து நிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் காது வச்சி வளைச்ச தட்டு போடுங்க.

கியர்ல போட்டாச்சி, வண்டி ஓடாதுன்னு நெனைக்கிறது இன்னொரு ஆபத்து. ஒரு பின் டயர தூக்கிட்டா ரெண்டு பின் டயருக்கும் சுத்த பிரிச்சி குடுக்கிற டிபரன்ஷல் அந்த டயர சும்மா சுத்த விட்டுட்டு தரையில உள்ளத உருள விட்டுரும், கியர் எதையும் புடிக்காது. எஸ்டேட் பக்கம் ஓடுற பழைய லேண்ட்ரோவர்ல ஹேண்ட் பிரேக்கே சக்கரத்துல இல்ல, கியர்பொக்ஸுக்கு பின்னால ஷாஃப்ட்டுல இருக்கு, அங்கயும் இதே கதை. ஏத்தத்துல லொறி நின்னா க்ளீனர் குதிச்சி எறங்கி டயருக்கு கட்டை போடுறாரு பாருங்க, அதுதான் முதல் வேலை, தரையில நிக்கிற எல்லா டயருக்கும்.

வெல்டிங்ல நான் ஒரு நாள் முழுக்க செலவழிச்சேன். பழைய தண்ணி குழாய் கெடைச்சா ஆசையா எடுத்துருவோம், அதுல துத்தநாகப் பூச்சு இருக்கும், துத்தநாகம் 907 டிகிரியில கொதிச்சிரும், இரும்பு உருகவே 1500 கிட்ட வேணும், அப்ப வர்ற வெள்ளப் புகைய சுவாசிச்சா ராத்திரி மலேரியா மாதிரி குளிர் காய்ச்சல் அடிக்கும். கிரைண்டர்ல தேச்சி எடுத்துட்டு திறந்த வெளியில செய்யுங்க. நம்ம பனியில வெல்டிங் குச்சி ஈரம் இழுக்கும், 7018ன்னு நம்பர் போட்ட குச்சின்னா சூடு பண்ணி காய வைக்காம போடவே கூடாது, ஈரத்துல இருந்து வர்ற ஹைட்ரஜன் ஒட்டுக்குள்ள புகுந்து பிறகு வெடிப்பு விழும். 6013 குச்சி கொஞ்சம் மன்னிக்கும். மேல பாக்க அழகா இருக்கிற ஒட்டு உள்ள புடிக்காமலும் இருக்கலாம், 2020ல அமெரிக்காவுல ஒரு கம்பெனி ஒசரத்த புடிச்சி நிறுத்துற பல் சரியா மாட்டாத ஸ்டேண்டுகள திருப்பி எடுத்துச்சி, அதுக்கு பதிலா குடுத்ததுல ஒட்டுக் கோளாறுன்னு அதையும் திருப்பி எடுத்தாங்க. ஃபெக்டரிக்கே அப்படி, அதனால ஒட்டுல கை பழகாதவங்க பழகுன வெல்டிங் பாஸ் ஒருத்தர்ட்ட குடுத்துருங்க.

வெடிப்ப பாக்க பழைய ரயில்வே பட்டறை முறை இருக்கு. ஒட்டுல மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு, சுத்தமா தொடைச்சிட்டு, சோக்குத் தூள தூவுங்க. முடி மாதிரி வெடிப்பு இருந்தாலும் உள்ள போன எண்ணெய் ஊறி வெளிய வந்து வெள்ளைல ஒரு கருப்புக் கோடு போடும். என் முதல் ஸ்டேண்டுல கால் சேர்ற எடத்துல ஒரு அங்குலத்துக்கு அந்த கோடு வந்துச்சி, அத தேச்சி எடுத்துட்டு மறுபடி பத்த வச்சேன். பிறகு வேலைக்கு வைக்கப்போற பாரத்த விட அதிகமா, பாரம் ஏத்துன லொறியோட ஒரு மூலைய அதுல எறக்கி ராத்திரி முழுக்க விட்டேன், பக்கத்துல ஒருத்தரும் போகல. காலையில ஓட்டைக்குள்ள பின் லேசா வரணும், தட்டி எடுக்க வேண்டி வந்தா எதோ இழுபட்டிருக்கு.

பின்ன ஒரு சங்கிலி போட்டு ஸ்டேண்டோடயே சேத்து வச்சிருக்கேன். பின் காணாம போனா அவசரத்துல யாராவது ஸ்க்ரூ டிரைவர சொருகிட்டு அடியில படுத்துருவாங்க.