லிபர்ட்டி: சுதந்திரமா, விடுதலையா?

அரசியல் கோட்பாட்டில் லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல் வருகிற இடத்திலெல்லாம் சுதந்திரம் என்று எழுதிவிட்டுப் போகிறோம். பாதிப் பொருளுக்கு அது சரி. மீதிப் பாதி நம் கொங்குப் பக்கத்துக்கு ரொம்ப வேண்டியது, அது அந்தச் சொல்லில் தங்குவதில்லை.

லத்தீனில் லீபெர் என்றால் அடிமை அல்லாதவர். அதிலிருந்துதான் லீபெர்த்தாஸ், அப்புறம் லிபர்ட்டி. ரோமானியச் சட்டம் மனிதர்களை அடிமை, அடிமையல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்தது. எஜமான் தங்கமானவராக இருக்கலாம், அடிக்காமல் திட்டாமல் போகிற இடத்துக்கெல்லாம் போக விடலாம், அப்போதும் அடிமை அடிமைதான். ஏனென்றால் நாளைக்கே அவர் மனசு மாறினால் ஏன் என்று கேட்க வழியில்லை. பிறகு 1651இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ், வெளியே தடை எதுவும் இல்லாவிட்டால் அதுதான் லிபர்ட்டி என்று சுருக்கினார். 1859இல் இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி மில், பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் விஷயத்தில் சமூகமும் அரசும் தலையிடக் கூடாது என்றார். 1958இல் தத்துவவாதி ஐசயா பெர்லின் ஆக்ஸ்போர்டு உரையில், பிறர் தலையிடாமல் இருப்பது எதிர்மறை, தன்னைத் தானே ஆள்வது நேர்மறை என்று இரண்டு வகை பிரித்தார். அந்த ரோமானியப் பொருளை மறுபடி முன்னால் கொண்டுவந்த தத்துவவாதிகளில் பிலிப் பெட்டிட் முக்கியமானவர். பிறர் ஆதிக்கத்துக்குள் இல்லாமல் இருப்பதே லிபர்ட்டி என்பது அவர் வாதம்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் முதலாளியிடம் வாங்கும் முன்பணத்தைப் பாக்கி என்பார்கள். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கியது. யாரும் கட்டிப்போடவில்லை, கதவும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் வேறு பட்டறைக்குப் போவதென்றால் "பாக்கியக் கட்டிட்டுப் போ" என்பதுதான் பேச்சு. ஹாப்ஸ் கணக்கில் இவருக்குத் தடையே இல்லை. ரோமானியக் கணக்கில், முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இவர் லீபெர் இல்லை. எனக்கு இரண்டாவது கணக்குத்தான் உண்மையாகப் படுகிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், முன்பணத்துக்குப் பதிலாக ஒருவர் வேறு வேலை தேடும் உரிமையை இழப்பதைக் கொத்தடிமை முறைக்குள் சேர்த்தே சொல்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். சுதந்திரம் வடமொழிச் சொல். ஸ்வ என்றால் தன், தந்திரம் என்றால் இங்கே நடத்தும் முறை, ஆளுகை. சென்னை மாகாணத்து வருவாய் ஆவணங்களில் இதற்கு இன்னொரு பொருளும் இருந்தது: களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்கும் மிராசுதாரர்களுக்கும் வழக்கப்படி கொடுக்கும் பங்கு. அதாவது பாத்தியதை. தேசிய இயக்கம் வந்தபிறகு நாட்டு விடுதலை என்ற பொருள் மற்றதையெல்லாம் மூடிவிட்டது. 1932இல் திருப்பூரில் கொடியோடு அடிபட்டு உயிர்விட்ட சென்னிமலைக் குமரன் பெயரோடு வரும்போது சுதந்திரம் என்றால் நமக்கு அதுதான். நாடு அதை 1947இல் அடைந்தது, கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு இன்னும் 29 வருஷம் ஆனது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இந்த இடைவெளி கண்ணிலேயே படாது.

விடுதலை, விடு என்ற வேரிலிருந்து வருவது. மோட்சத்தைக் குறிக்கும் வீடு என்ற சொல்லும் அதே வேர்தான். இந்தச் சொல்லைச் சொன்னவுடனே எதிலிருந்து, யாரிடமிருந்து என்ற கேள்வி கூடவே வந்துவிடும், அடிமைக்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்த லிபர்ட்டிக்கு அந்தக் கேள்வி அவசியம். ஈரோட்டில் 1925இல் குடி அரசு ஏட்டைத் தொடங்கிய பெரியாரிடம், 1935இல் நீதிக்கட்சி தொடங்கிய விடுதலை என்ற ஏடும் பின்னால் வந்து சேர்ந்தது; அங்கே அந்தச் சொல் சாதியிலிருந்தும் ஆணாதிக்கத்திலிருந்தும் வெளியே வருவதைச் சொன்னது. வழக்கிலிருந்து விடுதலை, சிறையிலிருந்து விடுதலை என்ற தொடர்களால் கொஞ்சம் குழப்பம் வரும், உண்மைதான். தன்னுரிமை என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது உரிமையோடும் சுயநிர்ணயத்தோடும் கலந்துபோகிறது.

என் பரிந்துரை: ஆதிக்கத்துக்குள் இல்லாத நிலையைப் பேசும்போது விடுதலை என்றே எழுதுங்கள். ஹாப்ஸும் மில்லும் பேசும் தடையின்மைக்குச் சுதந்திரம் போதும், பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம் என்று பழகிப்போன தொடர்களையும் மாற்ற வேண்டியதில்லை.