சில்லில் துளி ஆட்டம் இருக்கட்டும்

மாரிக்கு முன்பாக உழவு இயந்திரம் இழுக்கும் சுமைப் பெட்டிகள் கராஜுக்கு வரும்போது, உரிமையாளர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ஆட்டம் இல்லாமல் நல்லா இறுக்கி விடுங்கோ அண்ணை." நான் கழற்றிய கருகிய பெயாரிங்குகளில் (சில்லை இலகுவாகச் சுழலவிடும் தாங்கிகள்) பல, அப்படி இறுக்கப்பட்டதாலேயே கருகியவை.

பெட்டிகளின் ஹப்பினுள், அதாவது சில்லின் நடுக்குடத்தினுள், பெரும்பாலும் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட இரண்டு பெயாரிங்குகள் எதிரெதிராக அமர்ந்திருக்கும். ஓட்டத்தில் சூடேறி விரியும் உலோகத்துக்கு இடம் விடாமல், ஸ்பனரில் குழாய் செருகி நட்டை இறுக்கினால், கிறீஸ் படலம் பிழிபட்டு விலக, இரும்போடு இரும்பு உராயத் தொடங்கும். ஹப்பைச் சுழற்றியபடி நட்டை இறுக்கிப் பெயாரிங்குகளை இருத்திய பின், ஹப்பை அசைக்காமல் நட்டைத் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் திருகி, நட்டின் வெட்டும் அச்சின் துளையும் நேர்ப்படாவிட்டால் தளர்வுப் பக்கமாகத் திருப்பி, நட்டு கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு தராவிட்டால், எஞ்சும் ஆட்டம் ஏறக்குறைய 0.03 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் கைக்கு மட்டுமே தெரியும் அளவு அது.

அடுத்த எதிரி உப்புநீர். கரையோரத்தில் படகு ஏற்றி இறக்கும் பெட்டி, ஓடி வந்த சூட்டோடு கடனீரேரிக்குள் இறங்கும்போது ஹப்பினுள் இருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, கிறீஸை உள்ளே அடைத்து வைக்கும் ஒயில் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிறீஸ் பால் நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். இறக்குவதற்கு முன் ஹப்பை ஆறவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் சீலை மாற்றுங்கள். சீலின் விலையை மிச்சம் பிடித்து அச்சையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணெண்ணெயில் கழுவிய பெயாரிங்கைக் காற்றடித்துச் சுழற்றும் பழக்கம் எங்கள் பையன்களுக்கு உண்டு. விசில்போல ஒலிக்கும் அது, எண்ணெய்ப் பசையில்லாமல் அதிவேகத்தில் சுழன்று பழுதாவதோடு, உருளை தெறித்துக் கண்ணையும் கெடுக்கக்கூடும். கழுவிக் காயவிட்டு, வெளிச்சத்தில் உருளைகளையும் வளையங்களையும் பாருங்கள். குழி, செதில், சூட்டால் விழுந்த நீலக்கறை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், வெளிவளையத்தோடு சோடியாகவே மாற்ற வேண்டும். பழைய கிறீஸின் மேல் வேறு வகைக் கிறீஸ் பூச வேண்டாம். சில வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும்.

எல்லாவற்றிலும் அவசரமாகக் கடக்கப்படுவது அச்சின் முனை. அதைத் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். உள்வளையம் அமரும் இடத்தில் படி விழுந்திருந்தாலோ, உலோகம் நீலம் பாய்ந்திருந்தாலோ, புதிய பெயாரிங்கும் அங்கே நிலைக்காது. வெல்டிங் வைத்து அரத்தால் ராவிச் சரிசெய்வதாகச் சிலர் சொல்வார்கள். கையால் ராவியதில் வட்டமும் வராது, வெல்டிங் சூடு பட்ட முனை சுமையில் ஒடியவும் கூடும். அந்த அச்சை மாற்றுவதே முறை.

வேலை முடிந்து முதல் சுமையோடு மருதனார்மடம் சந்தைக்குப் புறப்படுபவர்களிடம், சில கிலோமீற்றரில் நிறுத்தி இரண்டு ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வேன். ஒன்று மட்டும் அனலாய் அடித்தால், பெட்டியை மேலும் இழுக்காமல் அந்த இடத்திலிருந்தே எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.