பால்வாடியில் சோறு மட்டும்தானா? சென்னையில் ஆறு வயதுக்குள் பிள்ளைக்குக் கிடைப்பவை

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு பெண், மூன்று வயது மகளையும் கையோடு அழைத்துக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்குகிறார். பக்கத்துத் தெருவிலேயே பால்வாடி இருக்கிறதே, விடலாமே என்றேன். "அங்க சோறுதானேக்கா போடுவாங்க, படிப்பா சொல்லித் தராங்க?" என்றார். சென்னையில் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

நாம் பால்வாடி என்று சொல்வது அங்கன்வாடி மையம். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் நடப்பது. தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த பிள்ளையை இங்கே விடலாம். கட்டணம் கிடையாது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று இதற்குத் தனிப் பாடத்திட்டமே இருக்கிறது.

ஒரு நாள் காலை அவரோடு நானும் போனேன். ஏழெட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, ஒரு முறத்தில் கலந்து கிடந்த புளியங்கொட்டையையும் பாட்டில் மூடிகளையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் சிவப்பு மூடிகளை மட்டும் பொறுக்கி வரிசையாக அடுக்கினான். "எத்தனை இருக்கு கண்ணு?" என்றார் டீச்சர். விரல் வைத்து எண்ணி "அஞ்சு" என்றான். இருந்தது ஆறு. டீச்சர் திருத்தவில்லை, "இன்னொரு தடவ எண்ணு பாக்கலாம்" என்றார். பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு. ஆனால் நிறம், எண்ணிக்கை, பொறுமை, நாலு பேரோடு உட்காரும் பழக்கம் எல்லாம் இதில்தான் வருகிறது. மூன்று வயதில் பென்சிலைப் பிடித்து நோட்டை நிரப்புவதுதான் படிப்பு என்று நாம் நம்பிவிட்டோம்.

சாப்பாட்டையும் லேசாக நினைக்க வேண்டாம். காலையில் சத்துமாவு, மதியம் சூடான சாதம், வாரத்துக்கு மூன்று முட்டை. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி மூலம் இலவச உணவு பெறுவது பிள்ளையின் உரிமை.

படிப்பு விஷயத்தில் சட்டம் அவ்வளவு உறுதியாக இல்லை. அரசியலமைப்பின் 21ஏ பிரிவு தரும் கல்வி உரிமை ஆறு வயதிலிருந்துதான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயற்சி செய்யும்' என்கிறது 45-ஆவது பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவோ, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. 'செய்ய வேண்டும்' என்று இல்லை. இந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதனால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வழி இருக்கிறது. 2006 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, குடிசைப் பகுதி மக்களுக்கும் பொருந்தும்: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து மையம் இல்லாவிட்டால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி மாதிரி, நகரின் நடுவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்களில் இது முக்கியம். பிள்ளைகளின் பெயர், வயது, முகவரியைப் பட்டியலாக எழுதி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

பிள்ளைக்கு ஆதார் இல்லையே என்று தயங்க வேண்டாம், தாயின் ஆதாரை வைத்துப் பதிவு செய்யலாம். வெளி மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இடமுண்டு; சொந்த ஊர் மையத்தில் இருக்கும் பதிவை, அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று வயது முடிந்தால் எல்கேஜி. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றில் மழலையர் வகுப்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை, நேரில் போய்க் கேளுங்கள். சேர்க்கைக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். யுகேஜி முடித்ததும் அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்பு இருந்தால் அலைச்சலும் மிச்சம்.

அப்புறம் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத இடம். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் எல்கேஜி இடங்களில் நான்கில் ஒரு பங்கு, நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு. வருட வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளி போன்ற பிரிவில் வர வேண்டும். ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். கிடைத்துவிட்டால் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் அரசு பொறுப்பு. ஆனால் 2025-இல் நிதி இழுபறியால் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. விண்ணப்பம் போடுங்கள், சரி. முடிவு வரும் வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காமல், மறுநாளே பால்வாடியில் விட்டுவிடுங்கள்.