கிறிஸ்துமஸுக்கு வெயில் நாட்டுக்குப் போகிறீர்களா? டாக்டரை நவம்பரிலேயே பாருங்கள்

டிசம்பர் இரண்டாம் வாரம் ஆனால் போதும், குளிர் நாட்டில் இருக்கும் எங்கள் கிளினிக்கில் ஒரே கேள்வி. "டாக்டர், அடுத்த வாரம் ஃபிளைட், என்னென்ன ஊசி போடணும்?" ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து, கடலைப் பார்த்த மாதிரி அறை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள்தான் உடம்பு விஷயத்துக்கு மட்டும் கடைசி வாரத்தில் வருகிறார்கள். அப்போது வந்தாலும் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஆனால் சிலவற்றுக்கு நாள் கணக்கு உண்டு, அதை எந்த டாக்டராலும் குறைக்க முடியாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அப்படித்தான். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குள் நுழைய இதற்கான சான்றிதழ் கேட்பார்கள், முதல் முறை ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். 20ஆம் தேதி விமானத்தை வைத்துக்கொண்டு 15ஆம் தேதி வந்து நின்றால் நான் என்ன செய்ய? முன்பே போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய மஞ்சள் அட்டையைத் தேடி எடுங்கள். டைபாய்டு ஊசிக்கு இரண்டு வாரம் முன்னதாக வருவது நல்லது. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி குறைந்தது இரண்டு தவணை, இடையில் ஒரு வாரம் வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ-வுக்கான ஊசி மட்டும் கிளம்பும் நாளில் போட்டாலும் பலன் தரும். மலேரியா தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும், மெஃப்ளோகுயினை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே வாருங்கள் என்கிறோம். கிறிஸ்துமஸ் பயணம் என்றால் அது நவம்பர் பாதி. போதாததற்கு டிசம்பர் கடைசியில் கிளினிக்குகள் பலவும் மூடியிருக்கும், தினமும் போடுகிற பிரஷர் மாத்திரைக்குச் சீட்டு வாங்கக்கூட ஆள் கிடைக்காமல் அலைய நேரும்.

வெயில் நாடு என்றாலே டிசம்பரில் பளிச்சென்று இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாலியில் அது மழைக்காலம். இலங்கையில் தென்மேற்குக் கடற்கரை நன்றாக இருக்கும்போது கிழக்குக் கரையில் மழை கொட்டும். மழை என்றால் கொசு, கொசு என்றால் டெங்கு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதனால் ராத்திரி வலை கட்டித் தூங்கினால் மட்டும் போதாது. காலையிலேயே சன்ஸ்கிரீன் தடவி, அதன் மேல் கொசு விரட்டி தடவுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

அப்புறம் அந்த முதல் மூன்று நான்கு நாட்கள். குளிரில் இருந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், உங்கள் விடுமுறையே ஒரு வாரம்தான். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இறங்கிய மறுநாளே மத்தியானம் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்து, வியர்த்து, இரண்டு பீரும் குடித்து, சாயங்காலம் எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்தார் என்றால் அதில் ஆச்சரியமே இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால், தலை சுற்றினால் எந்த மாத்திரையை என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் சீக்கிரம் வெந்துவிடும், அவர்கள் நிழலிலேயே இருக்கப் பாருங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். இன்சுலினைப் பெரிய சூட்கேஸில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், அங்கே உறைந்துபோகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது. ஹோட்டல் அறையின் குட்டி ஃப்ரிட்ஜிலும் ஐஸ் தட்டை ஒட்டி வைத்தால் இதே கதைதான், கதவுப் பக்கம் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை, பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும், உங்களுடையது எவ்வளவு தாங்கும் என்று அதன் காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மணலில் வெயில் படக் கிடக்கும் பையின் உள்ளே 30 டிகிரியோடு நிற்காது. தண்ணீரில் நனைத்து வைக்கும் இன்சுலின் பை கிடைக்கிறது, வாங்குங்கள். இன்னொன்று, வெயிலில் இன்சுலின் உடம்பில் வேகமாக ஏறும், சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கையில் குளுக்கோஸ் இல்லாமல் நீந்தப் போகாதீர்கள்.

வெயில் நாட்டில் பிறந்து குளிர் நாட்டில் குடியேறியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, "அது நாங்க வளர்ந்த ஊரு டாக்டர், மலேரியா எங்களை ஒண்ணும் செய்யாது." செய்யும். சிறு வயதில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி சில வருடங்களிலேயே தேய்ந்துவிடும், உங்கள் குழந்தைகளுக்கோ அது இருந்ததே இல்லை. சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள்தான் தடுப்பு மாத்திரை வாங்காமல் போய் அதிகம் மாட்டுகிறார்கள்.

திரும்பி வந்த பிறகு வரும் காய்ச்சல்தான் எனக்குப் பெரிய பயம். ஜனவரியில் குளிர் நாட்டில் எல்லோருக்கும் ஃப்ளூ. உங்களுக்கும் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி. வீட்டில் மாத்திரை போட்டுப் படுத்துவிடுவீர்கள், டாக்டரிடம் போனாலும் அவருக்கு முதலில் ஃப்ளூதான் தோன்றும். அது மலேரியாவிலேயே மிக ஆபத்தான ஃபால்சிபாரம் வகையாக இருந்தால், அப்படி இரண்டு மூன்று நாள் காத்திருந்தாலே உயிருக்கு ஆபத்து. மலேரியா உள்ள இடத்துக்குப் போய் வந்தவர்கள் ஒரு வருடம் வரைக்கும் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே போய், முதல் வாக்கியத்திலேயே எந்த நாட்டில் எந்தத் தேதி வரை இருந்தோம் என்று சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும். ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்ஸிசைக்ளின் என்றால் இன்னும் நான்கு வாரம், அட்டோவகுவோன் புரோகுவானில் என்றால் ஏழு நாள் சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் முதல் தடவை மலேரியா இல்லை என்று வந்தாலும், மறுபடி எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் போங்கள், ஆரம்பத்தில் கிருமி ரத்தத்தில் கொஞ்சமாக இருக்கும்போது அது கண்ணில் படாமல் போவதுண்டு.