பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே வரும் துயரம்

பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போது, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கப் போன கை நின்றுவிடும். குணமாகாத நோயுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இது தெரியும். அடுத்த நொடியே குற்றவுணர்ச்சி வந்து நிற்கும்: உயிரோடு இருக்கும் பிள்ளைக்கா துக்கப்படுகிறேன்?

இதற்கு 'முன்கூட்டிய துயரம்' என்று பெயர். மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் 1944-இலேயே இதைப் பற்றி எழுதினார். வரப்போகும் மரணம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பள்ளிக்கூடம், ஓடி விளையாடியது, பெற்றோர் மனதில் கட்டி வைத்திருந்த எதிர்காலம் என்று ஏற்கெனவே பல போய்விட்டன. அதற்காக அழுவது நம்பிக்கையைக் கைவிடுவது ஆகாது.

உடம்பை அதிகம் வாட்டுவது நிச்சயமின்மை. 2016-இல் லண்டனில் நடந்த ஒரு சோதனையில், மின்னதிர்ச்சி கட்டாயம் வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்ற பாதிக்குப் பாதி நிலையில்தான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் அப்படிப்பட்டவைதான். தூக்கம் கெடும், மதியம் டாக்டர் சொன்னது மாலையில் நினைவுக்கு வராது. அதனால் கூட ஒருவரை அழைத்துப்போய்க் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலையில் அழுதவர் மாலையில் பிள்ளையின் குறும்புக்கு வாய்விட்டுச் சிரிப்பார். அதில் தப்பே இல்லை. துயரத்தில் இருப்பவர்கள் இழப்புக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்று உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் விளக்கினார்கள். அவர்கள் பேசியது இறப்புக்குப் பிந்தைய துயரம். ஆனால் இங்கேயும் அதே ஊசலாட்டம்தான். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பது அபூர்வம். ஒருவர் அழும்போது மற்றவர் பில் கட்டிக்கொண்டிருந்தால், அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசலாமா? புற்றுநோயால் குழந்தையை இழந்த ஸ்வீடன் பெற்றோரிடம் கேட்டு 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 சதவீதம் பேர் வருந்தினார்கள். எல்லோரும் பேசியே தீர வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பேசாதவர்களிலும் பெரும்பாலோர் வருந்தவில்லையே. ஆனால் பிள்ளையே கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "உனக்கு ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டு, அது கேட்ட அளவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

வார்த்தை வராவிட்டால், உடல் வலியோடு குடும்பத்தின் மன வேதனையையும் கவனிக்கும் வலிதணிப்புச் சிகிச்சைக் (பாலியேட்டிவ் கேர்) குழுவிடம் உதவி கேளுங்கள். அவர்கள் கடைசி நாட்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நோய் தெரிந்த நாளிலிருந்தே, மற்றச் சிகிச்சையை நிறுத்தாமலே, அவர்களிடம் போகலாம்.