தாமிர நுரைக்குள் உப்பு: வெப்பச் சேமிப்பில் கவனிக்க வேண்டியவை

வெப்பச் சேமிப்புப் பொருள்களைச் சோதிக்கும் பணியில் நான் அடிக்கடி காணும் காட்சி இது. சோடியம் அசிட்டேட் டிரைஹைட்ரேட் என்னும் நீரேறிய உப்பை நிரப்பிய கண்ணாடிக் கலனுக்குள் வெந்நீர்ச் சுருளை இயக்கினால், சுருளை ஒட்டிய உப்பு தெளிந்த நீராக உருகிவிடும். நான்கு விரற்கடை தள்ளியிருப்பதோ வெகுநேரம் வெள்ளைக் கட்டியாகவே நிற்கும். 58 பாகை செல்சியசில் உருகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 260 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்கி, உறையும்போது அதைத் திருப்பித் தரும் உப்பு அது. ஆனால் அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஒரு வாட்டைக்கூட எட்டுவதில்லை. தாமிரத்துக்கோ அது 400-ஐ ஒட்டியது.

இந்தக் குறையைத் தீர்க்கவே உலோக நுரை, அதாவது கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்த உலோகம், பயன்படுகிறது. கொள்ளளவில் 95 விழுக்காடு காலியிடம் கொண்ட தாமிர நுரையில் உப்பை உருக்கி நிரப்பினால், ஒன்றோடொன்று இணைந்த மெல்லிய தாமிர இழைகள் வெப்பத்தைக் கலனின் நடுப்பகுதி வரை கொண்டு செல்கின்றன. இதற்கு விலையும் உண்டு. ஒரு லிட்டர் நுரையில் தாமிரம் சுமார் 450 கிராம், உப்பு சுமார் 1,380 கிராம். கொள்ளளவில் 5 விழுக்காடு மட்டுமே இழக்கிறோம் என்றாலும், எடையில் கால் பங்கு உலோகமாகிவிடுகிறது. வீட்டு வெந்நீர்த் தொட்டிக்கு இது பொருட்டன்று, வாகனத்துக்குப் பெரும் சுமை.

நுரை தீர்க்காத சிக்கல்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன. 1948-இல் அமெரிக்காவின் டோவர் நகரில் அறிவியலாளர் மரியா டெல்கெஸ் கிளாபர் உப்பை (நீரேறிய சோடியம் சல்பேட்) கொண்டு சூடேற்றிய சூரிய வீட்டில், உருகி உறைந்த உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்ததால் சில குளிர்காலங்களிலேயே சேமிப்புத் திறன் குன்றியது. நுண்துளைகள் இப்பிரிவை ஓரளவு தடுக்கலாம். ஆனால் உருகிய உப்பைக் குழம்பாக்கிப் பிரியாமல் வைக்கும் பொருளுக்கு அவை மாற்றாகா. உருகுநிலைக்கு வெகு கீழே குளிர்ந்தும் உப்பு உறையாமல் நிற்பதைத் தடுக்கப் படிகத்தைத் தொடங்கிவைக்கும் பொருள் தனியே வேண்டும். கிளாபர் உப்புக்கு அது போராக்ஸ் (வெண்காரம்). அரிப்பை மறப்பதுதான் பெரும் பிழை: கால்சியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் என்னும் மற்றொரு வெப்பச் சேமிப்பு உப்பை, விலை குறைவென்று அலுமினிய நுரையில் நிரப்பினால், குளோரைடு அந்த மெல்லிய இழைகளையே குழி குழியாகத் தின்றுவிடும்.

நிரப்பும் முறையிலும் கவனம் தேவை. காற்றை வெளியேற்றாமல் ஊற்றிய ஒரு மாதிரியை அறுத்துப் பார்த்தபோது, நடுவில் உப்பே புகாத தாமிர வலை செந்நிறமாகப் பளபளத்தது. வெற்றிடத்தில் நிரப்பி, உருகும்போது உப்பு விரிவடைய இடம் விட வேண்டும். இத்தகைய கலனை வாங்குவோர், முதல் நாள் அளவீட்டோடு நிறைவடையாமல், சில நூறு முறை உருகி உறைந்த பின் எஞ்சிய வெப்பச் சேமிப்புத் திறனையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.