கதவைத் திறந்தவரின் அனுமதி போதாது

விளக்கவுரையும் நேர்காணலும் இல்லாமல், நடப்பதைக் கூடவே இருந்து பார்க்கும் ஆவணப்படங்களைத் தொகுப்பது என் தொழில். மடம், காப்பகம், ஜமாத் என்று வெளியாட்கள் எளிதில் நுழைய முடியாத இடங்களின் பதிவு வந்தால், அனுமதி கொடுத்தது யார் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் நிர்வாகி பெயரைச் சொல்வார்கள். சரி, அது கட்டடத்துக்குள் போக வாங்கிய அனுமதி. திரையில் தெரியப்போகும் ஆளிடம் கேட்டீர்களா?

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மன் 1966-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சிறைத்துறையின் கீழிருந்த பிரிட்ஜ்வாட்டர் மனநல மருத்துவமனையில் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 'டிட்டிகட் ஃபாலிஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். சாப்பிட மறுக்கும் ஒருவருக்கு மூக்கு வழியே குழாய் செருகி உணவு ஊற்றுகிறார்கள். ஊற்றும் மருத்துவரின் வாயில் சிகரெட். சாம்பல் இப்போதோ அப்போதோ புனலுக்குள் விழுந்துவிடும் போல நீண்டிருக்கிறது. நோயாளிகளின் அந்தரங்கம் கெடுகிறது என்று மாநில அரசே வழக்குப் போட்டது. மருத்துவர், வழக்கறிஞர் போன்ற துறைசார்ந்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று 1969-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுமக்களுக்கான தடை 1991-ல்தான் நீங்கியது. அந்தரங்கத்தின் பெயரில் அரசு தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டது என்று நான் நம்புகிறேன்; அந்தப் படம் வெளிவந்தே ஆகவேண்டிய படம். ஆனாலும் அங்கே நிர்வாணமாக நிற்பவருக்குச் சம்மதம் என்றால் என்னவென்று புரிந்திருக்குமா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

பொறுத்திருந்து எடுத்தவரும் உண்டு. ஜெர்மானிய இயக்குநர் பிலிப் குரோனிங், பிரான்சின் கிராண்ட் ஷார்த்ரூஸ் என்ற கிறிஸ்தவத் துறவி மடத்தில் படம் எடுக்க 1984-ல் அனுமதி கேட்டார். துறவிகள் சம்மதிக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. தனியாளாகப் போய், செயற்கை விளக்கே இல்லாமல் எடுத்தார்.

ஒரு காப்பகத்தில் எடுத்து எனக்கு வந்த பதிவில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கேமராவைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடினார். "நல்லதுக்குத்தான்மா, சும்மா இருங்க" என்றது வார்டனின் குரல். கை மெதுவாக இறங்கியது. சம்மதப் படிவத்தில் அந்த அம்மாவின் கைரேகை இருந்தது. இருந்தும் அந்த ஷாட்டை நீக்கச் சொன்னேன்.

படம் எடுக்கப் போகிறவர்களே, ஒவ்வொருவரிடமும் வார்டனோ தலைவரோ பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். யூடியூபில் வரும், ஊரில் இருக்கும் சொந்தக்காரர் போனிலும் வரும் என்று பச்சையாகச் சொல்லுங்கள். அப்புறம், முதல்கட்டத் தொகுப்பை (ரஃப் கட்) போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள். அப்போது வேண்டாம் என்பவரின் காட்சியை நீக்க, தொகுப்பில் ஒரு வாரமாவது ஒதுக்கி வையுங்கள்.